இறக்காத உரத்துக்கு முழுக் காசு

"எறக்காத உரத்துக்கு எப்புடி தம்பி காசு குடுத்தாங்க?"

2022 ஜனவரி முதல் வாரம். இரவுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்த அம்மா கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். சீன உரக் கம்பனிக்குச் சேர வேண்டிய பணத்தை மக்கள் வங்கி செலுத்திவிட்டது என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்கள். அந்த உரத்தை ஏற்றி வந்த கப்பலின் கதை அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மாதக் கணக்கில் எங்கள் லயத்துக் குழாயடியில் அதே பேச்சுத்தான்.

"எனக்கு ரெண்டு கிலோ கொறஞ்சா அரைப்பேரு. அங்க ஒரு கிலோகூட எறங்கல. முழுக் காசா?"

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். நாளுக்குரிய கிலோவில் குறைந்தால் அரைநாள் சம்பளம்தான். அதுதான் அரைப்பேர். நான் பள்ளிக்கூடத்தில் வர்த்தகம் படிப்பிக்கிறவன். நாணயக் கடிதம் என்றால் என்ன, வங்கியின் பொறுப்பு எதுவரை என்று பாடப் புத்தகத்தில் இருப்பதை எல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அது அவங்க நியாயம். நம்ம நியாயத்த யாரு கேப்பா?" என்று சொல்லி மறுபடி மாவில் கையை வைத்தார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்கிறேன். 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி ஒன்று வந்தது. இரசாயன உரத்தையும் விவசாய இரசாயனங்களையும் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ தன் தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து வருடம் என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பத்து வருடம் ஒரே நாளில் சுருங்கிவிட்டது. உரம் இல்லாமல் பெரும்போகம் எப்படி என்ற பதற்றத்தில், சீனாவின் கிங்டாவ் சீவின் பயோடெக் கம்பனியிடம் ஒரு இலட்சம் தொன்னுக்குச் சற்றுக் குறைந்த அளவு சேதன உரம் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். முதல் தொகுதியாக 20,000 தொன்னை ஏற்றிக்கொண்டு 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் புறப்பட்டது.

கப்பல் வந்து சேர முன்னரே சிக்கல் வந்தது. தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை மாதிரிகளைப் பரிசோதித்து, தீங்கு செய்யும் பக்டீரியா இருக்கிறது, எர்வினியா வகையும் அதில் உண்டு என்றது. நுவரெலியாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரட்டையும் உருளைக்கிழங்கையும் கூழாக அழுக வைக்கிற இனம் அது. அப்படி ஒன்று கந்தப்பளை, நானுஓயாத் தோட்டங்களின் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று மரக்கறி போடுகிற எவரும் சொல்வார்கள். கம்பனி ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு குறைந்த நாளில் அந்தப் பக்டீரியாவை உறுதி செய்யவே முடியாது என்று வாதாடியது. மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்றின் பரிசோதனை முடிவைக் காட்டியது. தன் பெயர் கெட்டுவிட்டது என்று சொல்லித் தாவரத் தனிமைப்படுத்தல் சேவையிடம் 80 இலட்சம் டொலர் நட்டஈடும் கேட்டது.

உரம் வாங்க இருந்த அரச உரக் கம்பனி கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஒக்டோபர் 22ஆம் திகதி நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. நாணயக் கடிதத்தின் பேரில் மக்கள் வங்கி பணம் கொடுக்கக் கூடாது என்றது உத்தரவு. ஒரு வாரம்தான். 29ஆம் திகதி சீனத் தூதரகத்தின் வர்த்தகப் பிரிவு மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. நீதிமன்ற உத்தரவை மீறினால் வங்கிக்குக் குற்றம், மீறாவிட்டால் கறுப்புப் பட்டியல். பிறகு பேச்சுவார்த்தை, சமரசம். புது வருடம் பிறந்த கையோடு 67 இலட்சம் டொலருக்குக் குறையாத தொகை போய்ச் சேர்ந்தது. அதே ஜனவரியில் சீன வெளிவிவகார அமைச்சர் வாங் யி கொழும்புக்கு வந்து போனார். வங்கியின் பெயரும் பட்டியலிலிருந்து நீங்கியது. அந்த உரத்தில் ஒரு பிடிகூட நம் மண்ணில் விழவில்லை.

கம்பனி கேட்டது அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. நாணயக் கடிதம் என்பது வங்கி கொடுக்கிற வாக்கு. பொருள் கப்பலேறியதற்கான ஆவணங்கள் சரியாக வந்து சேர்ந்தால் பணம் கொடுப்பேன் என்கிற வாக்கு. வங்கி பார்ப்பது ஆவணத்தை, பொருளை அல்ல. உலகம் முழுக்க வங்கிகள் பின்பற்றுகிற யூ.சி.பி. 600 விதிகள் சொல்வதும் அதைத்தான். இந்த வாக்குக்கு மதிப்பு இல்லாமல் போனால் நாளைக்கு மருந்தையும் மாவையும் நமக்கு நம்பி அனுப்ப ஆள் கிடைக்காது. ஒப்பந்தம் போட்டவன் தன் காசைக் கேட்கத்தான் செய்வான். வழக்குப் போடுவான், தன் நாட்டுத் தூதரகத்தைக் கூப்பிடுவான். அது அவன் உரிமை.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. வெளியிலிருந்து நோய்க்கிருமி வந்துவிடாமல் காக்கவே அந்தச் சட்டம். பரிசோதனையில் தேறாத பொருளை இறக்க விட மாட்டோம் என்பது ஒப்பந்தம் போட்டவர்களுக்குத் தெரியாதா? முதலில் மாதிரி, பிறகு அனுமதி, அதற்குப் பிறகு நாணயக் கடிதம் என்ற வரிசையைக் கடைப்பிடித்திருந்தால் வங்கியின் தலையில் இந்தப் பழி விழுந்திருக்குமா? கடைக்குப் போகிற சின்னப் பிள்ளைகூட முட்டையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசை நீட்டும். ஒரு நாடு அதைச் செய்யவில்லை.

அவசரம் யாருடையது, நட்டம் யாருடையது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

அந்தக் கப்பல் உரம் வயலுக்கென்று வாங்கியது, தேயிலைக்கு அல்ல. ஆனால் தடை எல்லாருக்கும் பொது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. எந்த மலைக்கு எவ்வளவு நைதரசன் வேண்டும் என்று அங்கே கணக்கு இருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்காமலே சொன்னவர்களும் இருந்தார்கள். சேதனத் தேயிலை வளர்ப்பதில் பேர் பெற்ற ஹெர்மன் குணரத்ன, ஜனாதிபதி அமைத்த 46 பேர் குழுவிலேயே இருந்தவர், தேயிலை விளைச்சல் பாதியாக விழும் என்று 2021இலேயே எச்சரித்தார். யார் காதிலும் ஏறவில்லை.

தேயிலைச் செடி பசியை உடனே காட்டாது. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைக் கொண்டு கொஞ்ச காலம் தளிர் விடும். அதனால்தான் 2021இல் நாட்டின் மொத்த உற்பத்தி 299 மில்லியன் கிலோவாக நன்றாகவே இருந்தது. பார்த்தீர்களா, உரம் இல்லாமலும் கொழுந்து வருகிறதே என்று பேசினார்கள். அடுத்த வருடம் 251 மில்லியன் கிலோவுக்கு விழுந்தது. இருபது, இருபத்தைந்து வருடங்களில் காணாத வீழ்ச்சி. 2021 ஒக்டோபரில் தேயிலைக்குத் தடையைத் தளர்த்தினார்கள். நவம்பரில் எல்லாப் பயிருக்கும் நீக்கினார்கள். ஆனால் அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை ஏறியிருந்தது. வாங்க நம்மிடம் டொலரும் இல்லை. உரத்தின் விலை பழைய விலையைப் போல் பத்து மடங்குக்கு மேல் போனது. அனுமதி இருந்தது, உரம் இல்லை.

இந்த இலக்கங்களை நான் தாளில் படித்தேன். அம்மா தராசில் படித்தார்.

2022 ஏப்ரலில் ஒரு நாள் பகல் நிறுவைக்கு நான் மலைக்குப் போயிருந்தேன். முன்பெல்லாம் அதே மலையில் உரம் போட வாளியோடு ஆட்கள் நிரையாக ஏறுவார்கள், தூருக்குத் தூர் கையால் விசிறிக்கொண்டு. இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் மேல்தளம் முழுக்கப் பச்சை மினுமினுக்கும். அன்று பார்த்த மலை மஞ்சளாக நின்றது. இலை சிறுத்து, தளிர் நின்றுபோய்க் கிடந்தது. களைகொல்லியும் தடையில் அகப்பட்டதால் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. பெண்கள் படங்குக்குக் கீழே காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு இறங்கினார்கள். அட்டைக்கு அதுதான் மருந்து.

அம்மாவின் முறை வந்தது. காலையும் பகலும் சேர்த்து ஒன்பது கிலோ. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று வழமையான வெட்டு. பின்னேரம் எவ்வளவு பறித்தாலும் நிபந்தனைக் கிலோவான பதினெட்டு எட்டாது என்று தராசடியில் நின்ற எல்லாருக்கும் தெரியும். கணக்கு எழுதுகிற தம்பிக்கும் மனம் கேட்கவில்லை. "என்னா செய்ய அக்கா, மலையில கொழுந்து இல்ல" என்றார். ஆனால் பேனா அரைப்பேர்தான் எழுதியது. மலையில் கொழுந்து இல்லாததற்குக் காரணம் பறிக்கிறவளின் கை இல்லை என்பது பெரட்டுக்களத்தில் நிற்கிற குழந்தைக்கும் தெரியும். நிபந்தனைக் கிலோவை மட்டும் யாரும் இறக்கவில்லை.

அந்த 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் போராடினோம் என்பதை மலையகம் மறந்திருக்காது. 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. இரண்டு மாதத்தில் உரத் தடை. கையில் கிடைத்த ஆயிரம் அரைப்பேரில் பாதியானது. அதே காலத்தில்தான் கோதுமை மாவின் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே அறிவித்தது. லயத்தில் காலை ரொட்டி பாதியாகி, பிறகு மரவள்ளிக்கிழங்காகியது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாட நேரத்திலேயே தலையைச் சாய்த்துவிடுகிற பிள்ளைகளை நான் அந்த வருடம்தான் பார்த்தேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய மாற்று வீதம் டொலருக்குச் சுமார் 200 ரூபாய். இறங்காத உரத்துக்குப் போன பணம் 130 கோடி ரூபாய்க்கு மேல். நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்றால் அது 13 இலட்சம் முழுப்பேர். வருடத்தில் 300 நாள் வேலை என்று வைத்தாலும், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரு வருடம் முழுக்க மழையிலும் பனியிலும் நின்று சம்பாதிக்கிற பணம். அந்த டொலரையும் பெரும்பாலும் ஏற்றுமதிதான் உழைத்தது. வருடத்துக்கு 100 கோடி டொலருக்கு மேல் கொண்டுவருகிற தேயிலைக்கும் அதில் பங்கு உண்டு. கிருமி இருக்கிறது என்று நாமே திருப்பிய உரத்துக்கு நம் கொழுந்தின் காசு போனது. உரம் இல்லாமல் காய்ந்த மலையில் நமக்கு அரைப்பேர் விழுந்தது.

இனி அம்மாவின் சொந்தப் பணத்தின் கதை. 2022 கடைசியில் அம்மா வேலையை நிறுத்தினார். முப்பத்து நாலு வருட உழைப்பு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு 12 என்று மாதம் மாதம் சேர்ந்த பணம். விண்ணப்பம் போட்டோம். திரும்பி வந்தது. தோட்டத்துப் பதிவில் அம்மாவின் பெயர் கடைசியில் ஒரு 'ள்' இருக்கிறது. அடையாள அட்டையில் அந்த 'ள்' இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம்.

சத்தியக்கடதாசி முடித்தோம். பிறப்புப் பதிவு கேட்டார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் பதிவை எழுதியவர் தனக்குக் கேட்டபடி எழுதினார். அதில் மூன்றாவதாக ஒரு எழுத்துமுறை. தோட்டத்து ஆபீசுக்கு, கிராம சேவகருக்கு, மறுபடி தொழில் திணைக்களத்துக்கு என்று பஸ் ஏறி ஏறி இறங்கினோம். ஒவ்வொரு முறையும் அம்மா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நல்ல சேலை உடுத்திக்கொண்டு வருவார். சேமலாப நிதிக்கான பி காட்டை பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருப்பார். வாங்கில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற வரைக்கும் யாரோடும் பேச மாட்டார். கூப்பிட்டால் கேட்காமல் போய்விடுமோ என்று பயம். பணம் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. தாமதத்துக்கு ஒரு சதம் கூடுதலாக இல்லை. ஒரு வார்த்தை வருத்தமும் இல்லை.

அம்மாவுக்காவது வந்தது. அரசாங்கமே நடத்துகிற பெருந்தோட்டங்களில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் கட்டப்படாமல் நிலுவையில் கிடப்பது பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விடயம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டத்தில் இருக்கிற 14 நாளை வாங்காமலே கண்ணை மூடிய மனிதர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கொழுந்தைப் பறித்துக் கொடுத்துவிட்டார்கள். அது தூளாகி, ஏலத்தில் போய், கப்பலேறி, யாரோ குடித்தும் முடித்துவிட்டார்கள். அவர்களின் ஆவணத்தில் என்ன குறை? இந்தப் பணம் முடங்கியதற்காக எந்தத் தூதரகம் யாரைக் கறுப்புப் பட்டியலில் போட்டது?

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்றது. அன்று மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு கிடைத்தது. பறிக்க முடியாமல் போன கொழுந்துக்கும் எழுதப்பட்ட அரைப்பேருக்கும் அந்தத் தீர்ப்பில் இடமில்லை. அதைக் கேட்டு யாரும் போகவும் இல்லை.

இங்கேதான் நான் என் சொந்தச் சனத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. சீனக் கம்பனியிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர்கள் தங்கள் நட்டத்தைக் கணக்காக எழுதினார்கள். இத்தனை டொலர், இன்ன காரணம், இன்னார் பொறுப்பு, இத்தனை நாளுக்குள் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். நாம் பெருமூச்சு விட்டோம். வீதிக்கு இறங்கிக் கோஷம் போட்டோம், பதாகை பிடித்தோம். ஆனால் நட்டம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் நம்மிடம் ஓர் இலக்கம் இல்லை.

இலக்கம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் செக்ரோல் இருக்கிறது. எந்தத் திகதியில், எந்த மலையில், யாருக்கு, எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா என்று அதில் எல்லாம் எழுதியிருக்கிறது. உரத் தடைக்கு முந்திய வருடத்தையும் பிந்திய வருடத்தையும் பக்கத்தில் வைத்துக் கூட்டினால் மலையகத்தின் நட்டம் சதக் கணக்கில் தெரியும். தொழிற்சங்கங்களுக்கு மாவட்டந்தோறும் காரியாலயம் இருக்கிறது, மாதா மாதம் சந்தாவும் வருகிறது. நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேராதனைக்குப் போய்ப் படித்து வந்த எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூட்டிப் பார்க்க ஏன் ஒருவரும் உட்காரவில்லை?

போன கிழமை நான் உட்கார்ந்தேன். அம்மா சம்பளச் சீட்டு எதையும் எறிந்ததில்லை. சாமிப் படத்துக்குக் கீழே பிஸ்கட் டின்னில் வருடவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். 2022ஆம் வருடக் கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் தாளில் குறித்தேன். பெப்ரவரியிலிருந்து ஒக்டோபர் வரைக்கும் அறுபத்தொரு அரைப்பேர். அரைப்பேருக்கு 500 ரூபாய் இழப்பு என்றால் 30,500 ரூபாய். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அம்புட்டா?" என்று கேட்டார். அந்த ஒன்பது மாதமும் தான் சரியாகப் பறிக்கவில்லையோ, வயசாகிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். தன் கைதான் தளர்ந்துவிட்டது என்று நம்பியிருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இது ஒரு பெண்ணின் கணக்கு. உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கும், ஒரு பெட்டி இருக்கும். 2022ஆம் வருடச் சீட்டுகளை அடுப்பு மூட்ட எடுக்காதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள். அரைப்பேர் எத்தனை, பேரே இல்லாத நாள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, பெயரும் செக்ரோல் இலக்கமும் போட்டு வையுங்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டோ சந்தாக் கேட்டோ வருகிறவர் கையில் அந்தத் தாளைக் கொடுங்கள். பெயரில் 'ள்' இருந்தால் 'ள்' போட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு சத்தியக்கடதாசி கேட்பார்கள்.